மச்சானின் கம்பமும் என் தாழ்ந்த கம்பியும்

என் மனைவியின் நானா, அதாவது அவளுடைய அண்ணன், தன் கையால் நட்ட அறுபதடிக் கம்பத்தை அவர் கையாலேயே பிடுங்க வைத்தவன் நான். அதற்கு எனக்கு இரண்டே சொற்கள் தேவைப்பட்டன. பள்ளிவாசல் நிர்வாகத்தார் முன்னிலையில், முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்த வாயால், "சாத்தியம் இரிக்கு" என்றேன். அது பொய் என்பது அந்த அறையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் நம்பினார்கள். கம்பத்துக்குச் சொந்தக்காரரான மச்சான்தான் எல்லோரையும்விட அதிகமாக நம்பினார்.

தொண்ணூறில் போர் மன்னாரிலிருந்து விரட்டி வந்த நாங்கள், கற்பிட்டிப் பக்கம், ஆலங்குடாவுக்குக் கொஞ்சம் தள்ளிக் குடியேறினோம். மேற்கே கடல். கடலுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு மணல்மேடு. மேட்டுக்குக் கிழக்கே ஒரு பள்ளம். காணி பிரித்தபோது நான் பள்ளத்தைக் கேட்டு வாங்கினேன். அங்கே கிணற்றுத் தண்ணீர் நல்லது, காற்று குறைவு, பள்ளிவாசலும் பக்கம். மேட்டை யாரும் விரும்பவில்லை. அங்கே வீசும் காற்றில் சோற்றுக்குள் மண் விழும். "எனக்குக் கடல் தெரிஞ்சாப் போதும்" என்று மச்சான் மேட்டை எடுத்துக்கொண்டார். படித்த மனிதர் படித்த மாதிரித்தான் காணி எடுப்பார் என்று ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். இருபது வருடத்துக்கும் மேல் கழித்து அந்தப் பள்ளம் என்னைப் பழிவாங்கியது.

போர்க்காலத்தில் முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கம்பி கொஞ்சம் உயர்ந்திருந்தாலே கேள்வி வரும். போர் முடிந்து சில வருடங்கள் போனபின், நானும் மச்சானும் அமெச்சூர் வானொலிக்கான பரீட்சை எழுதினோம். சொந்தமாய் ஒரு சிறிய வானொலிப் பெட்டி வைத்து, அனுமதிப்பத்திரம் எடுத்து, உலகத்தின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு பைத்தியக்காரரோடு கதைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கு. என்ன கதைப்போம்? என் சத்தம் எப்படி விளங்குகிறது, அங்கே மழையா வெயிலா, அவ்வளவுதான். "இதுக்கு போன் இரிக்குதானே?" என்று என் மனைவி முதல் நாளே கேட்டாள். அவளுக்குத் திருப்தியான பதிலை நான் இன்றுவரை சொல்லவில்லை.

மச்சான் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தி ஓய்வுபெற்றவர். நான் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அவர் எனக்கு ஈயம் பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்தார். இருவரும் சித்தியடைந்தோம். அவருக்கு என்னைவிட இரண்டு புள்ளி அதிகம். எனக்கு அன்றே கொஞ்சம் சரியில்லை.

பிறகு கம்பம் வந்தது. ஐஸ் தொழிற்சாலை கழித்துவிட்ட இரும்புக் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, நாலு பக்கமும் நைலோன் கயிற்றால் இழுத்துக் கட்டி, மேட்டின் உச்சியில் அறுபதடிக்கு நிறுத்தினார். அதன் நுனியிலிருந்து இரண்டு பக்கமும் அன்டெனாக் கம்பி இறங்கியது. கடலில் இருந்த படகுக்காரர்கள் கரையை அடையாளம் பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுக்க வேண்டும், மன்னிக்கவும், பழக்கதோஷம். படுக்கையாகக் கட்டிய கம்பி நிலத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அதிலிருந்து புறப்படும் அலை நேரே மேலே போகும். வானத்தின் உயர்ந்த அடுக்கில் பட்டுத் திரும்பி, பெரும்பாலும் நம் தலைக்குப் பக்கத்திலேயே விழும். கம்பியை உயர்த்த உயர்த்த அலை சரிந்து, அடிவானத்தை ஒட்டிப் புறப்பட்டு, கடல் தாண்டி, கண்டம் தாண்டிப் போகும். முன்னால் நிலம் சரிந்து இறங்கினால் இன்னும் நல்லது. முன்னால் மேடு இருந்தால் கதை முடிந்தது. மச்சானுக்கு உயரமும் இருந்தது. கடலை நோக்கி இறங்கும் சரிவும் இருந்தது. எனக்கு இரண்டு தென்னைகளுக்கு நடுவே பதினெட்டடி உயரத்தில் ஒரு கம்பி இருந்தது. அதற்கு முன்னால் மச்சான் குடியிருக்கும் மேடு.

விளைவு எப்படியிருக்கும் என்று சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையே சொல்லிவிடும். மச்சான் பிரேசிலோடு கதைத்தார். நான் கேரளத்தோடு கதைத்தேன். அவர் கனடாவில் பனி பெய்கிறது என்று வந்து சொல்வார். யாழ்ப்பாணத்தில் மழை என்று நான் சொல்வேன்.

"உங்கட சத்தம் நேரா மேல போய் உங்கட கூரையிலயே வந்து விழுது மச்சான்" என்று அவர் சிரிப்பார். "ஓடு கவனம்."

கதைத்த நாடுகளிலிருந்து அவருக்கு அஞ்சலட்டைகள் வரும். அவற்றைச் சுவரில் வரிசையாக ஒட்டுவார். நூறு நாடுகளோடு கதைத்து முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அவர் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது; மன்னாரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது ஒரு பையும் ஒரு ஸ்பேனரும். "எங்கட வீட்டுச் சுவத்துல நூறு நாடு வந்து குந்தினாப் போதும்" என்பார். கம்பம் இறங்கிய நாளில் தொண்ணூற்றேழு நாடுகள் குந்தியிருந்தன.

எங்கள் பொழுதுபோக்கில் ஒரு வழக்கம் உண்டு. யாரோடு கதைத்தாலும் அவருக்கு இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பதற்கு ஐந்துக்குள் ஒரு எண். சத்தம் எவ்வளவு பலம் என்பதற்கு ஒன்பதுக்குள் இன்னோர் எண். விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததும் மச்சானும் நானும் வானொலியில் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். இரண்டு வீட்டுக்கும் இடையில் முந்நூறு மீற்றர்தான்; முற்றத்தில் நின்று கத்தினாலே கேட்கும். "அஞ்சு, ஒம்பது மச்சான். தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்பார். ஒருநாளும் அவர் எனக்கு ஐந்து ஒன்பதுக்குக் குறைத்துத் தந்ததில்லை.

நானோ அவருடைய கம்பத்தின் நிழலை அளந்துகொண்டிருந்தேன். இது உவமை இல்லை. ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தளவு நீளும்போதுதான் அஸர் தொழுகையின் நேரம் தொடங்கும். நடுப்பகலில் நிழலே விழாத ஏப்ரல் நாட்களில் இந்தக் கணக்கு அச்சொட்டாக வரும். அப்படி ஒருநாள் தொழுகைக்குக் கூப்பிடும் அஸர் பாங்கு கேட்டதும், தொழப் போக வேண்டிய நான் அந்த நிழல்மேல் அடிக்குமேல் அடி வைத்து நடந்தேன். சரிவுக்குக் கழித்துப் பார்த்தேன். அறுபதடி. அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதன்பின் நேரம் போகப்போக அந்த நிழல் மேட்டிலிருந்து இறங்கி, என் கோழிக்கூட்டைத் தாண்டி, என் வானொலி அறையின் சுவரில் வந்து ஏறும். ஒவ்வொரு பின்னேரமும் வரும். நான் ஜன்னலைச் சாத்துவேன்.

உயர வழியில்லாதவன் சத்தத்தைக் கூட்டினான். கொழும்பு புறக்கோட்டையில் பழைய வால்வுகள் வாங்கி, வானொலியின் சக்தியைப் பல மடங்காக்கும் ஒரு பெட்டியை நானே கட்டினேன். அனுமதிப்பத்திரம் தந்த அளவைவிட அது எவ்வளவோ அதிகம். அதை இயக்கினால் வீட்டு விளக்குகள் என் பேச்சுக்கு ஏற்றபடி மங்கும். மின்சாரசபையின் கோளாறு என்று மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த சிக்கல் நேரம். தூரதேசத்து அலைகள் மிக நன்றாகக் கேட்பது சூரியன் மறையும் அந்தக் கொஞ்ச நேரத்தில். மஃரிப் தொழுகையும் அதே நேரத்தில்தான். மச்சானுக்கு இதில் சிக்கலே இல்லை. பாங்கு கேட்டதும் வானொலியைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போய் முன்வரிசையில் நிற்பார். திரும்பி வந்து மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் பிரேசிலைப் பிடிப்பார். அவருடைய கம்பத்துக்கு அது போதும். எனக்குப் போதாது. ஆகவே எனக்கு முழங்கால் வலி வந்தது. மஃரிபுக்கு நடக்க முடியாத, இரவில் இஷாவுக்கு நடக்க முடிந்த ஒரு விசித்திரமான வலி. மனைவி தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள்.

ஒருநாள் மஃரிப் முடிந்து மச்சான் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரும்போதே சிரிப்பு.

"இண்டைக்குப் பள்ளியில நடந்தது தெரியுமா? எல்லாரும் நெத்திய நிலத்துல வெச்சி ஸுஜூதுல இரிக்கிறம். ஒரு சத்தமில்ல. திடீரெண்டு ஒலிபெருக்கிக்குள்ள ஒரு தாரா வாத்து கத்துது!"

"தாராவா?" என்றாள் மனைவி.

"ஓம் தங்கச்சி. கேவ்-கேவ்-கேவ், கேவ்-கேவ்-கேவ் எண்டு. ரெண்டாம் வரிசையில ஒராள் சிரிச்சிட்டார், தொழுகை முறிஞ்சி போச்சு. ஆரோ ஜின் எண்டாங்க. பள்ளித் தலைவர் கேக்கிறார், ஜின் எண்டா தாரா மாதிரியா கத்தும்?"

எனக்குத் தேத்தண்ணி புரையேறியது. அந்தத் தாராவின் தாளம் எனக்குத் தெரியும். வானொலியில் என் பெயருக்குப் பதிலாக இருக்கும் அழைப்புக்குறியை நான் மூன்று தரம் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று தரம் சொல்லும் தாளம் அது. சந்தியில் இருக்கும் ஒலிபெருக்கிக்குப் பள்ளியிலிருந்து போகும் வயர் என் வேலித் தென்னைகளில்தான் கட்டியிருந்தது. என் அன்டெனாக் கம்பியும் அதே தென்னைகளில்தான். இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு ஓடின. என் வால்வுப் பெட்டியின் சக்தி அந்த வயர் வழியாகப் பள்ளிக்குள் புகுந்து, அங்கிருந்த அம்பிளிபயரில் தாராவாகக் கத்தியிருக்கிறது.

அன்றே நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. அடுத்த நாளும் கூப்பிட்டேன். முந்தின நாள் மெல்லியதாகப் பேரு நாட்டுக் குரல் ஒன்று கேட்டிருந்தது; இன்னும் ஒரே ஒரு தரம் என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் அதையே நினைத்தேன். பேரு நாட்டுக்காரர் கடைசிவரை என்னைக் கேட்கவில்லை. பள்ளியில் எல்லோரும் கேட்டார்கள்.

நிர்வாகம் கூடியது. மச்சானைக் கூப்பிட்டார்கள், ஊரில் கண்ணுக்குத் தெரியும் கம்பம் அவருடையதுதானே. என்னையும் கூப்பிட்டார்கள், விஞ்ஞானம் சொல்வதற்கு. தலைவருக்கு ஒரு காது மந்தம். கையைக் காதில் வைத்துக்கொண்டு மச்சானிடம் கேட்டார்.

"உங்கட கம்பம்தான் இந்த வேல செய்யுதெண்டு ஊர் சொல்லுது. என்ன சொல்றீங்க?"

"நான் முன்வரிசையிலதான் நிண்டன் தலைவர். றேடியோ வீட்ல பூட்டிக் கிடந்தது. ஆனாக் கம்பம் தன்பாட்டுல வானத்துல இருந்து சத்தத்த இழுத்துப் பள்ளிக்குள்ள போடுமோ எண்டு எனக்குத் தெரியா. மச்சான் சொல்லட்டும். அவர் சொன்னாச் சரி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சும்மா நிற்கும் குழாய்க்குக் கத்தத் தெரியாது. அதை நான் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் கத்தியது என்பதாக இருக்கும். அதன் பதிலுக்குள் என் வால்வுப் பெட்டி, என் முழங்கால், நான் விட்ட மஃரிப் எல்லாம் இருந்தன. அத்தோடு, மறைக்காமல் சொல்கிறேன், என் சுவரில் ஏறும் அந்த நிழலும் ஒரு கணம் நினைவுக்கு வந்தது.

"சாத்தியம் இரிக்கு" என்றேன்.

அடுத்த நாள் காலையில் மச்சான் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கம்பத்தை இறக்கினார். ஒரு பக்கத்துக் கயிற்றைப் பிடித்தவன் நான். "மெல்ல, மெல்ல, மச்சான். கையக் கவனம்" என்று அவர் எனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளியின் தொழுகையைக் கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. அதற்குப் பரிகாரமாக, அந்தக் குழாய்களையே பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அதில் நாற்பதடியை முற்றத்தில் நட்டு, நிர்வாகத்தார் ஒலிபெருக்கிகளை மேலே ஏற்றினார்கள். வானொலி ஒரு துணியில் சுற்றப்பட்டு அவர் வீட்டு அலுமாரியின் மேலே போனது.

நான் பயத்தில் மஃரிபுக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கினேன். தாரா நின்றுவிட்டது. "பாத்தீங்களா, கம்பம் விழுந்தோடன சத்தமும் நிண்டிட்டு" என்றது ஊர். "பாத்தீங்களா, எண்ணெய் வேல செய்யுது" என்றாள் மனைவி. மாஸ்டர் இப்போதெல்லாம் ஐந்து நேரமும் பள்ளியில் ஜமாஅத்தோடு சேர்ந்து தொழுகிறார் என்று, தொழுவிக்கும் மௌலவி வெளிப்படையாகவே பாராட்டினார். ஒரு பொய் ஒரு மனிதனை இவ்வளவு பக்திமானாக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் மச்சான் ஒரு கொப்பித் தாளை மடித்துக்கொண்டு வந்தார்.

"மச்சான், எனக்கினி ஏலாது. இந்த மூண்டையும் நீங்க புடிங்க. நீங்க புடிச்சா நான் புடிச்ச மாதிரித்தான்."

தாளில் அவருடைய உருண்டையான எழுத்தில் மூன்று நாடுகள் இருந்தன. பராகுவே. ஜமைக்கா. ஹெயிட்டி.

"பள்ளத்துல இருந்து ஏலுமோ தெரியா" என்று சொல்லிவிட்டு, என்னை நோகடித்துவிட்டோமோ என்று நினைத்து, "உங்கட மூளைக்கு ஏலும்" என்றும் சேர்த்தார்.

அன்று பின்னேரமே நான் தலைவரிடம் போனேன். மௌலவியும் அங்கே இருந்தார்.

"பள்ளியில கத்தின தாரா நான்தான்" என்றேன்.

"என்ன?"

"அந்தச் சத்தம். அது நான்தான்."

தலைவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "மச்சானுக்காகப் பழிய ஏத்துக்கிற மனிசன் இந்தக் காலத்துல எங்க இரிக்கான்?"

"இல்ல தலைவர், உண்மையாவே நான்தான்."

"உங்களிட்டக் கம்பமே இல்லையே!"

"கம்பம் தேவையில்ல. கம்பி போதும்."

"அப்ப அண்டைக்கு ஏன் சாத்தியம் இரிக்கு எண்டீங்க?"

"பொய் சொன்னன்."

"படிச்ச மனிசன் பள்ளிக்குள்ள வந்து பொய் சொல்லுவாரா?" என்று மௌலவியைப் பார்த்தார். "மாஸ்டருக்கு மனசு இளகிட்டு. வயசும் போகுதெல்லா."

உண்மையைச் சொன்னால் நம்பாத அளவுக்கு என்மேல் மரியாதை இருந்தது. வேறு வழியில்லாமல் பரிசோதனை ஒன்று செய்து காட்டுவதாகச் சொன்னேன். அஸருக்குப் பிறகு பள்ளி அம்பிளிபயரைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் அதன்முன் இருக்க வேண்டும். வெளி ஒலிபெருக்கிகளை நிறுத்திவிட வேண்டும், உள்ளே இருக்கும் சின்னப் பெட்டி மட்டும் போதும். நான் வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடம் பேசுவேன். தாராவாகக் கேட்டால் நம்பமாட்டார்கள் என்பதால், என் வானொலியைப் பழைய முறை ஒன்றுக்கு மாற்றிவைத்தேன். அந்த முறையில் பேசினால் எந்த அம்பிளிபயரிலும் சொல் சொல்லாக விளங்கும். வால்வுப் பெட்டியையும் கடைசித் தடவையாகப் போட்டேன்.

நான் நினைத்துப் பார்க்காதது தலைவரின் காது. உள்பெட்டியின் சத்தம் தனக்குக் காணாது என்று, அவர் வெளி ஒலிபெருக்கிகளையும் போட்டுவிட்டார். அவை இப்போது மச்சானின் நாற்பதடிக் குழாய்மேல் இருந்தன. உயரத்தின் பயனை நான் அன்று முழுதாக அனுபவித்தேன்.

"இது நான்தான் பேசுறன்" என்று தொடங்கினேன். தாரா நான்தான் என்றேன். மச்சானுடைய கம்பம் ஒரு பிழையும் செய்யவில்லை, நான் சொன்னது பொய் என்றேன். சட்டத்துக்கு மேல் சக்தி வைத்திருந்ததையும் சொன்னேன். எல்லாம் நாற்பது வினாடியில் முடிந்துவிட்டது. ஐந்து நிமிடம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். ஆசிரியன் பாடவேளை முடியுமுன் வகுப்பை விட்டுப் போவதில்லை. ஆகவே அலை எப்படி வயருக்குள் போகிறது என்று விளக்கினேன். அதுவும் ஒரு நிமிடம்தான் வந்தது. மௌனமாக இருந்தால் பரிசோதனை பிழைத்ததென்று நினைப்பார்களே என்று, காதில் ஹெட்போன் மாட்டி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தலைவரும் மௌலவியும் மட்டும்தானே கேட்கிறார்கள் என்ற தைரியத்தில், மனதில் வந்ததையெல்லாம் சொன்னேன். கம்பத்தின் நிழலை அளந்ததைச் சொன்னேன். பிரேசிலோடு ஒருதரம் கதைத்ததாக மச்சானிடம் சொன்னது பொய், அது பெங்களூர் என்றேன். பரீட்சையில் இரண்டு புள்ளி குறைந்ததில் மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றேன். முழங்காலில் வலியே இல்லை என்றேன்.

வெளியே வந்தபோது மனைவி மீன் வெட்டிய கத்தியோடு முற்றத்தில் நின்றாள். சந்தி ஒலிபெருக்கி எங்கள் வேலிக்கு மேலால் தெரியும்.

"அப்ப நான் தேச்ச எண்ணெய்?" என்றாள்.

நான் குனிந்து என் முழங்காலைப் பார்த்தேன்.

"நானாட கம்பத்த..." என்று தொடங்கியவள், அப்படியே திரும்பி உள்ளே போனாள். அன்று எனக்கு மீன் இல்லை. பாணும் சம்பலும் ஒரு கிழமைக்கு ஓடியது.

மச்சான் அந்த நேரம் கடற்கரையில் ஒரு படகின் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். சுற்றி நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்களாம். ஐந்து நிமிடமும் கேட்டுவிட்டு, "பெங்களூராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாராம். இதைச் சொன்னவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிர்வாகத்தார் என்னை அழைத்துக் கண்டித்தார்கள், கொஞ்சம் மரியாதையோடு. மச்சானிடம் மன்னிப்புக் கேட்டு, குழாய்களைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். "பள்ளிக்குக் குடுத்தது குடுத்ததுதான்" என்று மறுத்துவிட்டார். என்னோடு பேசவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு உள்ளே போனார். ஆனால் வானொலியில் ஒரு அழைப்புக்குறி கூப்பிட்டால் பதில் சொல்லாமல் விடுவது அவருடைய வழக்கமில்லை. ஆகவே அலுமாரியின் மேலிருந்த வானொலியை இறக்கி, ஒரு சிறு கம்பியை வீட்டுக்குள்ளேயே தொங்கவிட்டு, நான் தினமும் சுபஹுக்குப் பிறகு கொடுத்துவந்த அழைப்புக்கு ஒருநாள் பதில் சொன்னார்.

"உங்களுக்கு ஒண்டு, ஒண்டு" என்றார். பேச்சு விளங்கவேயில்லை, சத்தம் இருப்பதே தெரியவில்லை என்று பொருள். முந்நூறு மீற்றர் தூரத்துக்கு. அதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

அவருக்கு அறுபதடியைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. வால்வுப் பெட்டியைப் பிரித்தேன். அதன் தகரக்கூட்டில் மனைவி இப்போது மாசிக் கருவாடு வைக்கிறாள். பிறகு பழைய புத்தகங்களை இறக்கிப் படித்தேன். அப்போதுதான், எத்தனையோ வருடம் வகுப்பில் சொல்லிவிட்டு மறந்துபோன ஒரு விஷயம் கண்ணில் பட்டது. படுக்கையான கம்பிக்குத்தான் உயரம் வேண்டும். கம்பியை நட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் அடியை உப்புத்தண்ணீரில் வைத்தால், கடல் ஒரு கண்ணாடி மாதிரி வேலை செய்யும். அலை கடலின் மேற்பரப்பை ஒட்டி, எவ்வளவு தாழ்வாக வேண்டுமோ அவ்வளவு தாழ்வாகப் போகும். பதினாறடிக் கம்பி ஒன்று போதும். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, இரண்டு கிழவர்கள் உயரத்துக்காகத் தென்னையையும் மேட்டையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல் ஒன்றில், உடைந்த கொடிக்கம்பம் ஒன்றை எறிந்திருந்தார்கள். பாரமில்லாத, இரும்பு கலக்காத கண்ணாடிநார்க் கம்பம். அதைக் கேட்டு வாங்கி, நீளத்துக்குக் கம்பியை ஒட்டி, அலை வந்து தொடும் இடத்தில் நட்டேன். அடியிலிருந்து நாலு கம்பிகளை ஈரமணலில் பரப்பினேன். பிறகு மனைவியை நடுவில் வைத்து மச்சானைக் கூட்டிவந்தேன். அவர் என்னோடு பேசமாட்டார். நான் பக்கத்தில் நிற்க, தங்கச்சியிடம் கேட்டார்.

"அவரிட்டக் கேளு, இது என்ன, கொக்குப் புடிக்கிற பொறியா?"

"நானா கேக்கிறார், கொக்குப் புடிக்கிற பொறியாம்" என்றாள் மனைவி, எனக்குக் காது கேட்காததுபோல.

"அன்டெனா எண்டு சொல்லு."

"அன்டெனாவாம் நானா."

"இந்த உயரத்துலயா? என்ட வீட்டுக் கதவு இதவிட உயரம்."

"கடல்தான் உயரம் எண்டு சொல்லு."

மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். "நான் என்ன தபால் கந்தோரா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மச்சான் நின்றார். கம்பியின் அடியில் அலை வந்து போனது. குனிந்து என் ஈயப் பற்றைப் பார்த்தார். முகம் சுளித்து, கையோடு கொண்டுவந்திருந்த பையைத் திறந்து, அதை மறுபடி தானே பற்றவைத்தார். அப்படித்தான் சம்மதம் கிடைத்தது.

அன்றிலிருந்து மஃரிப் தொழுததும் நாங்கள் கடற்கரைக்குப் போவோம். வாகன பற்றரியைத் தோளில் சுமப்பது நான். வானொலியைத் தூக்குவது அவர். அந்த நாட்களில் மௌலவி, தொழுகை சீக்கிரம் முடியட்டும் என்று, குர்ஆனின் சிறிய சூராக்களாகவே பார்த்து ஓதினார் என்பது என் சந்தேகம், நான் கேட்கவில்லை. மச்சான் மணலில் பலகை போட்டு உட்கார்ந்து கூப்பிடுவார். நான் கொஞ்சம் தள்ளி நின்று, அலை ஏறினால் பற்றரியைத் தூக்குவேன். இருவருக்கும் நடுவில் ஒரு சொல்லும் இருக்காது.

முதல் கிழமையிலேயே பராகுவே வந்தது. ஒரு மாதம் கழித்து ஜமைக்கா. ஒவ்வொரு தரமும் அவர் எழுதி முடித்துவிட்டு, மேட்டைத் திரும்பிப் பார்ப்பார். கம்பம் நின்ற இடத்தை. அறுபதடியில் இரண்டு வருடம் தேடிக் கிடைக்காதது அவருக்குப் பதினாறடியில் கிடைத்தது. ஆனால் அவர் முகத்தில் அந்தக் கணக்கு சமமாகவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

ஹெயிட்டி வரவேயில்லை. தென்மேற்குக் காற்று தொடங்கி, மணல் பறந்து, இரண்டு தரம் கம்பம் சாய்ந்தது. நான் நிமிர்த்தினேன். நாலாம் மாதத்தில், ஒரு பின்னேரம், மிக மெல்லிய குரல் ஒன்று பிரெஞ்சு வாடையோடு தன் குறியைச் சொன்னது. மச்சான் ஒரு தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாம் தரம். வேறு ஏதோ தேசத்துக்காரர் குறுக்கே விழுந்தார். அலை ஏறி என் முழங்காலை நனைத்தது. பற்றரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் தரம் அந்தக் குரல் மச்சானின் குறியை முழுதாகத் திருப்பிச் சொன்னது.

"ஐந்து, ஐந்து" என்று எண்ணும் கொடுத்தது. மச்சான் நன்றி சொன்னார். இங்கே வானம் தெளிவு என்றார். பிறகு, அவர் யாரிடமும் சொல்லாத ஒன்றை அந்த அந்நியரிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: நீங்கள் என்னுடைய நூறாவது நாடு, இந்த அன்டெனா என் மச்சான் கட்டியது.

அதைக் கேட்டு நான் பற்றரியைக் கீழே வைத்துவிட்டேன். அலை வந்து அதை நனைத்தது. வானொலி நின்றுபோனது.

"படிச்ச மனிசன்!" என்று மச்சான் கத்தினார். "தண்ணிக்குள்ளயா பற்றரிய வெக்கிறது?"

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் என்னோடு நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏசினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"மூண்டு, நாலு" என்றார். கஷ்டப்பட்டு விளங்குகிறது என்று பொருள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஹெயிட்டி அட்டை வந்து சுவரில் குந்திவிட்டது. பெருநாளைக்கு அவர் வீட்டில்தான் சாப்பிட்டோம். ஆனால் காலையில் கிடைக்கும் எண்கள் அவசரப்படுவதில்லை. போன ரமழானில் நாலு, ஆறு. இப்போது நாலு, எட்டு. முந்தாநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன், ஐந்து ஒன்பதுக்கு நான் இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று.

மறுபக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க இரிக்கிறது பள்ளம் மச்சான்" என்றார். "நடுவுல மேடு இரிக்கிதெல்லா. தேத்தண்ணி குடிச்சாச்சா?"